அரை நிமிஷம் யாரும் பேசாதீங்க

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும், கடையிலுள்ள நாற்பத்திரண்டு ஒலிபெருக்கிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தேர்தல் முடிந்துவிட்டதால் அவை வீடு திரும்பியிருக்கும். காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் அதன் எதிர்க்கட்சிக்கும் ஒரே தொண்டையைக் கொடுத்து உழைத்தவை. அவற்றுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள். உங்களுக்கும்.

கடிதத்தின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் உங்கள் மகள் கல்யாணத்தில், சாப்பாட்டு மேசையில், பதினைந்து பேர் முன்னிலையில் நீங்கள் என்னைக் காட்டிச் சொன்னீர்கள்: "எங்க மாப்பிள்ளை ஒரு பஸ் ஸ்டாப்புக்காக எட்டு வருஷமா மனு எழுதுறார். இதுவரைக்கும் பதினாலு. பஸ் ஸ்டாப் வரலை, தபால் ஆபீஸ்தான் நல்லா இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் தங்கையும் சிரித்தாள். புரையேறியது என்று இன்றுவரை சாதிக்கிறாள். அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். அந்தப் பஸ் ஸ்டாப் வந்துவிட்டது. எங்கள் தெரு முனையில், பழைய இடத்தில், கூரையோடும் பெஞ்சோடும் நிற்கிறது. இந்தக் கடிதத்தை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எங்காவது எழுத்து கோணலாக இருந்தால் அந்த நேரத்தில் பஸ் போகிறது என்று பொருள்.

எப்படி வந்தது என்பதை விவரமாகச் சொன்னால்தான் உங்களுக்கு உறைக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தெரு முனையில் இருந்த நிறுத்தத்தைப் பெயர்த்து, புதிதாகத் திறந்த மூன்று மாடி ஜவுளிக்கடை வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். எங்கள் வாசற்படியிலிருந்து அங்கே ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டர். நான் அளக்கும் சக்கரத்தை உருட்டிப் பார்த்துச் சொல்கிறேன். முப்பத்தொரு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் குத்துமதிப்பாக எதையும் சொல்வதில்லை. உங்கள் தங்கை ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் காலையிலிருந்து மாலைவரை நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அந்த ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டரையும் நடப்பாள். போன வருஷம் அவள் வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. டாக்டர் நடையைக் குறைக்கச் சொன்னார். எங்கே குறைப்பது? ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. முன்னதாகவே வேலையை விட்டுவிடலாமா என்று ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். வேலையை விடுவதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பதினாலாவது மனுவை அன்றைக்கே எழுதினேன். வரைபடத்தோடு பதினேழு பக்கம்.

இந்த நிலையில்தான் தேர்தல் வந்தது. நான் முடிவெடுக்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். போன இரண்டு தேர்தல்களிலும் நான் முடிவெடுத்து, சட்டை மாற்றி, வாக்குச்சாவடி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அதையும் நீங்கள் கல்யாணத்தில் சொன்னீர்கள். ஆனால் தராசில் படிக்கல்லை வைத்ததும் யாராவது அளவு எடுப்பார்களா? முள் ஆடும். நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டவனெல்லாம் வியாபாரி, காத்திருந்தவன் ஆய்வாளர். எங்கள் தொகுதியில் முள்ளின் ஒரு பக்கம் தற்போதைய உறுப்பினரான வக்கீலம்மா, மறுபக்கம் எதிர்த்து நின்ற பல் டாக்டர். இரண்டு தட்டும் மேலும் கீழும் போய்வந்தபடி இருந்தன.

முள்ளை நிறுத்துவதற்காக ஆவணப்படம் பார்க்கத் தொடங்கினேன். தேர்தல் அறிவித்த வாரத்திலிருந்து தொலைக்காட்சியில் தினம் மாலை ஆறரைக்கு ஒன்று போட்டார்கள். முதல் நாள் வக்கீலம்மாவின் கட்சித் தலைவரைப் பற்றியது. அவர் சிறு வயதில் செருப்பில்லாமல் ஆற்றங்கரை வழியாகப் பள்ளிக்கூடம் போனாராம். புல்லாங்குழல் வேறு வாசித்தார்கள். நான் அழுதுவிட்டேன். என் வாக்கு அவர் கட்சிக்குத்தான் என்று உங்கள் தங்கையிடம் அறிவித்தேன். மறுநாள் பல் டாக்டரின் தலைவரைப் பற்றிய படம். அவரும் செருப்பில்லாமல்தான் போயிருக்கிறார். அதே ஆற்றங்கரை, அதே வளைந்த மரம். ஒருவர் இடமிருந்து வலமாகப் போனார், இன்னொருவர் வலமிருந்து இடமாக. வழியில் சந்தித்திருப்பார்கள், அன்றைக்கே பேசித் தீர்த்திருந்தால் நாட்டுக்கு எவ்வளவோ நல்லதாயிற்றே என்று நினைத்து மறுபடி அழுதேன். உங்கள் தங்கை சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "நேத்து அழுத துண்டே இன்னும் காயலைங்க," என்றாள். மூன்றாம் நாள் நடுநிலைப் படம். அதில் ஐந்து பேராசிரியர்கள் வந்தார்கள். ஐந்து பேரும் வேறு வேறு கருத்தை ஒரே புத்தக அலமாரி முன்னால் உட்கார்ந்து சொன்னார்கள். மூன்றாவது தட்டில் ஒரு தடித்த புத்தகம் தலைகீழாக இருந்தது. ஐவரில் ஒருவராவது எழுந்து அதைத் திருப்பி வைத்திருந்தால் என் வாக்கு அவர் சொன்ன பக்கம் போயிருக்கும். யாரும் வைக்கவில்லை. ஆக, மூன்று வாரத்தில் பதினெட்டுப் படம் பார்த்து ஒன்பது முறை கட்சி மாறினேன். அரசியலில் இருப்பவர்களுக்கே அவ்வளவு வாய்ப்பு அமைவதில்லை.

அப்போதுதான் ஒரு பெண், வயது முப்பது இருக்கும், கேமராக்காரரோடும் காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு தாடிக்காரரோடும் எங்கள் தெருவுக்கு வந்தாள். இன்னும் முடிவெடுக்காத வாக்காளர் ஒருவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டுமாம். எதிர்ப்பக்கத்து முடிவெட்டும் கடைக்காரரிடம் விசாரித்திருக்கிறாள். அவர் கத்தரிக்கோலாலேயே எங்கள் வீட்டைக் காட்டி, "அந்த வீட்டு சார்தான். கத்திரிக்காயா வெண்டைக்காயான்னு கடையில முக்கால் மணி நேரம் நிப்பார். அவரை விட்டா உங்களுக்கு வேற ஆள் கிடைக்காது," என்று பரிந்துரை செய்திருக்கிறார்.

இரண்டு நாள் எடுத்தார்கள். நான் ஐந்து மணி நேரம் பேசினேன். வரி, வேலைவாய்ப்பு, போலிப் படிக்கற்கள், பேருந்து நிறுத்தம் என்று ஒன்றையும் விடவில்லை. பதினாலு மனுக்களையும் கேமராவுக்கு முன்னால் வாசித்தேன். கேமராக்காரர் நின்ற நிலையிலேயே தூங்கியதாக உங்கள் தங்கை சொல்கிறாள், அது பொறாமை. எல்லாம் முடிந்து மூட்டை கட்டும்போது தாடிக்காரர் கையைத் தூக்கி, "அரை நிமிஷம் யாரும் பேசாதீங்க. இந்த ரூமோட அமைதியை மட்டும் தனியா எடுத்துக்கறேன்," என்றார். பேச்சுக்கு நடுவில் ஒட்டுப்போட அது தேவைப்படுமாம். நீங்கள் தொழிலில் இத்தனை வருஷமாகச் சத்தத்தைத்தான் வாடகைக்கு விடுகிறீர்கள். சத்தமில்லாததையும் ஒருவர் பெட்டியில் அடைத்து எடுத்துப் போகிறார் என்பது உங்களுக்குப் புதிய செய்தியாக இருக்கும். நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாடித் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டோமே, நிறுத்தினோமா என்று ஒரு சந்தேகம் வந்தது. யோசித்தேன். நிறுத்தவில்லை என்று நினைவு வந்த அதே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கொட்டத் தொடங்கியது. பேசக்கூடாது என்றிருக்கிறார்களே, என்ன செய்வது? கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

படம் அடுத்த வாரம் வந்தது. ஐந்து மணி நேரப் பேச்சில் ஒரு சொல்கூட அதில் இல்லை. அந்த மௌனம் இருந்தது. பத்தொன்பது விநாடி. என் முகம் திரை முழுவதும். முதலில் யோசனை, அப்புறம் சந்தேகம், அப்புறம் துயரம். பின்னணியில் அந்தப் பெண்ணின் குரல்: "இவர் எதுவும் சொல்லவில்லை. இந்தத் தொகுதியின் தீர்ப்பு இந்த மௌனத்தில்தான் இருக்கிறது." எங்கோ தண்ணீர் விழும் ஓசை, அதையும் வெட்டாமல் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை ஊரில் எல்லார் கைபேசியிலும் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பத்திரிகை, ஒன்பது வருஷ ஏமாற்றத்தை ஒரு முகத்தில் கண்டோம் என்று எழுதியது. ஒன்பது வருஷம் என்பதை அவர்கள் எப்படிச் சரியாகச் சொன்னார்கள் என்பது இன்றுவரை எனக்கு வியப்பு.

மூன்றாம் நாள் பல் டாக்டர் பன்னிரண்டு பேரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் நாற்காலி நான்கு. மீதிப் பேர் சுவரோடு சுவராக நின்றார்கள். நான் பதினாலு மனுவையும் மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தேன். உங்கள் தங்கை என் காதருகே குனிந்தாள். "பதினாலு தடவை பேசியாச்சு. இன்னிக்கு ஒரு நாள் பேசாம இருங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டு மனுக்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கையில் காகிதம் இல்லாமல் எனக்குப் பேச்சு வராது என்பது அவளுக்குத் தெரியும்.

பல் டாக்டர் கேட்டார், "ஐயா, உங்க மனசுல என்ன இருக்கு? பென்ஷனா?" நான் அவரைப் பார்த்தேன். "தண்ணிப் பிரச்சினையா? படத்துலகூடத் தண்ணி சத்தம் கேட்டுச்சே." பார்த்தேன். "ஐயா, முப்பது வருஷமா அடுத்தவங்க வாயைத் திறக்க வைக்கிறதுதான் என் பொழைப்பு. உங்ககிட்ட முடியலை." அப்போது உங்கள் தங்கை தேநீர்த் தட்டோடு வந்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காலைத் தாங்கி நடந்தாள் என்று நினைக்கிறேன், ஆய்வாளர் கண்ணுக்கு அது தப்பாது. "லேட்டாயிடுச்சு, தப்பா நினைக்காதீங்க டாக்டர். இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தேன். அரை மணி நேர நடை. முன்னெல்லாம் தெரு முனையிலயே நின்னுச்சு." தட்டை வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். பல் டாக்டர் முழங்காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். "புரிஞ்சுபோச்சு ஐயா," என்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. மச்சான், பதினேழு பக்க மனுவுக்கு எந்த அதிகாரியின் கண்ணும் கலங்கியதில்லை.

செய்தி வக்கீலம்மாவுக்குப் போய் அவர் மறுநாளே வந்தார். பதவியில் இருப்பவர், கேள்வி கேட்டுப் பழக்கம். "பேசாம இருக்கறது உங்க உரிமை சார். ஆனா எங்க தொழில்ல, பேசாத சாட்சியைக் கண்டாத்தான் பயம்," என்றார். நான் பயம் குறையும்படி எதுவும் செய்யவில்லை. மறுபடியும் தேநீர் வந்தது, முழங்கால் வந்தது. அவருடைய குமாஸ்தா அங்கேயே மூன்று வரியில் ஒரு மனு அடித்து நீட்டினார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அதுதான் என் பதினைந்தாவது மனு. மூன்று வரியில் ஒரு மனுவை முடிக்கலாம் என்பதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

ஆறாம் நாள் உத்தரவு வந்தது. பஸ் எங்கள் தெரு முனையில் நின்றது. உத்தரவில் 'தற்காலிகமாக' என்று ஒரு சொல் இருக்கிறது. அலுவலக மொழியில் அது ஒரு நடை அழகு, அவ்வளவுதான். வக்கீலம்மாவின் ஆட்கள் கூரை போட்டார்கள். பல் டாக்டரின் ஆட்கள் இரும்பு பெஞ்சு போட்டார்கள். எதிரிக் கூரைக்குக் கீழே எங்கள் பெஞ்சைப் போட மாட்டோம் என்று இவர்களும், எதிரி பெஞ்சின் மேல் எங்கள் கூரையின் நிழல் விழக்கூடாது என்று அவர்களும் பிடிவாதமாக நின்றதால் இரண்டுக்கும் இடையே எட்டடி இடைவெளி விழுந்துவிட்டது. ஒருவர் வெயிலில் உட்காரலாம், அல்லது நிழலில் நிற்கலாம். ஜனநாயகம் இரண்டு வாய்ப்பும் கொடுத்தது. மறுநாள் மாலை உங்கள் தங்கையோடு சலவைப் பிரிவுப் பெண்கள் நான்கு பேர் இறங்கினார்கள். ஈரப் போர்வைக் கூடைகளைத் தூக்கிப் பழகிய கைகள். "ஒரு பக்கம் நீ பிடி," என்று ஒருத்தி சொன்னது மட்டும் கேட்டது. பெஞ்சு கூரைக்குக் கீழே வந்துவிட்டது. எந்தக் கட்சியும் கேட்கவில்லை. கேட்டால் நகர்த்தியது தாங்கள்தான் என்று இரண்டும் உரிமை கொண்டாட வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு என் மௌனம் தெருவின் பொதுச்சொத்து ஆகிவிட்டது. முடிவெட்டும் கடைக்காரர் என் தலையைப் பிடித்துக்கொண்டே சொன்னார், "சார், தயவுசெஞ்சு முடிவெடுத்துடாதீங்க. சாக்கடை மூடி ரெண்டு பாக்கி இருக்கு." எடுக்கவில்லை. மூடி வந்தது. காய்கறிக் கடையில்கூட விரலால் காட்டித்தான் வாங்கினேன். பேசாததால் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. பதினொரு நாள் இப்படி ஓடியது. எங்கள் முப்பத்துமூன்று வருஷக் குடும்ப வாழ்க்கையில் இவைதான் மிக நல்ல பதினொரு நாட்கள் என்று உங்கள் தங்கை சலவைப் பிரிவில் சொன்னதாகக் கேள்வி. மௌனத்துக்குக் கிடைத்த மரியாதையாக அதை எடுத்துக்கொண்டேன்.

வாக்களிப்பு நாளன்று காலை எட்டு மணிக்கே கிளம்பிவிட்டேன். தெருவே கூட வந்தது. படக்காரப் பெண் இரண்டாம் பாகம் எடுக்கக் கேமராவோடு நின்றாள். நான் உள்ளே போனேன். சற்று நேரம் ஆயிற்று. வெளியே வந்தேன், இடது கையைச் சட்டைப்பைக்குள் வைத்தபடி. "எந்தப் பக்கம் சார்?" என்று நாற்பது பேர் கேட்டார்கள். ஒரு சொல் பேசவில்லை. அந்தக் கை ஏன் பைக்குள் இருக்கிறது என்பதற்கு அந்தப் பெண் அங்கேயே ஒரு விளக்கம் கண்டுபிடித்துப் பதிவு செய்துகொண்டாள். முடிவு வந்தது. வக்கீலம்மா மறுபடி ஜெயித்தார். 'என்மீது வைத்த நம்பிக்கைக்கு நன்றி' என்று எனக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறார். தோற்ற பல் டாக்டரும் கடிதம் போட்டிருக்கிறார்: 'யார் கைவிட்டாலும் நீங்கள் எனக்குத்தான் போட்டீர்கள் என்பது உங்கள் கண்ணிலேயே தெரிந்தது.' இரண்டையும் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். ஒரே வாக்கால் இரண்டு கட்சியையும் திருப்திப்படுத்திய வாக்காளர் நம் குடும்பத்தில் வேறு யாராவது உண்டா, மச்சான்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

இப்போது மணி ஐந்தே முக்கால். பஸ் வந்து நின்றது. உங்கள் தங்கை இறங்கி, என் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருக்கிறாள். இங்கிருந்து வீட்டுக்கு அறுபத்திரண்டு மீட்டர். வேலையை விடுவதைப் பற்றி அவள் கடைசியாகப் பேசி ஒரு மாதம் ஆகிறது. "அண்ணனுக்கா எழுதறீங்க? சுருக்கமா எழுதுங்க," என்கிறாள். அக்காவுக்கு எங்கள் அன்பு. புதுமணத் தம்பதிக்கு ஆசிகள். சாப்பாட்டு மேசையில் அன்று சிரித்த பதினைந்து பேருக்கும் இதைப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். இதற்கு நீங்கள் மைக் வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
மௌனத்தால் வென்ற,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: மேலே எழுதியதை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். மைக் கண்டிப்பாக வேண்டாம். முந்தாநாள் இந்தக் கடிதத்தை உறையில் போடும்போதுதான் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நிறுத்தத்தை நிரந்தரமாக்குவதற்கு முன், மனுதாரர் இந்தத் தொகுதி வாக்காளர்தானா என்று பட்டியலில் உள்ள விலாசத்துக்கு நேரில் வந்து சரிபார்ப்பார்களாம். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று சாவடியில் மூன்று முறை தேடினார்கள். என் பெயர் இங்கே இல்லை, அதனால் விரலில் மையும் இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன் காலி செய்தோமே, உங்கள் கடைக்கு மேலே அந்த மாடிப் பகுதி, இன்னும் அந்த விலாசத்தில்தான் இருக்கிறது. அந்த ஊரே வேறு தொகுதி. உங்கள் தங்கை தன் விலாச மாற்றப் படிவத்தை இங்கே குடிவந்த உடனேயே நிரப்பிக் கொடுத்துவிட்டாள். என் படிவத்தில் 'குடிபெயர்ந்த காரணம்' என்ற கட்டத்தில், தினமும் காலை ஆறு மணிக்கு நீங்கள் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்வதைப் பற்றி எழுத ஆரம்பித்து, இடம் போதாமல் இணைப்புத்தாள் வைத்தேன். நான்காவது பக்கத்தில் நிற்கிறது. நேற்றுதான் அந்தப் படிவம் மேசை இழுப்பறையில் கிடைத்தது. இன்று காரணத்தை ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெயர் இங்கே மாறி வர ஆறு வாரம் ஆகுமாம். அதற்குள் ஒரு அதிகாரி உங்கள் வீட்டுக்கு வந்து என்னைப் பற்றிக் கேட்பார். நான் எங்கே இருக்கிறேன், எத்தனை வருஷமாக இருக்கிறேன், எதுவும் நீங்கள் சொல்ல வேண்டாம். பொய்யும் வேண்டாம். தேநீர் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, அவரைப் பார்த்துக்கொண்டிருங்கள். உங்கள் தங்கையின் முழங்காலுக்காக இதைச் செய்யுங்கள். மிகவும் கஷ்டமாக இருந்தால், தாடிக்காரர் பக்கத்தில் நின்று அறையின் அமைதியைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.